அத்தான் அடித்த பள்ளங்கள்

என் அக்கா புருஷனுக்கு ஒரு பழக்கம். எதையும் தூக்குவதற்கு முன்னால் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் டிரம், எண்ணெய் டின், மாவு டப்பா, கேஸ் சிலிண்டர், எதுவானாலும் சரி. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "பாதிக்குக் கீழ இறங்கிடுச்சு" என்று சொல்வார். நான் அவர்கள் வீட்டோடு வந்த புதிதில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் காது மந்தமாகிவிட்டது. தட்டுவதை மட்டும் விடவில்லை. தீரப்போகிற சிலிண்டரைத் தட்டிவிட்டு நிறைய இருக்கிறது என்று அவர் சொல்ல, அதை நம்பி அக்கா பாதி வெந்ததை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த நாட்கள் உண்டு.

"ஊர்ல இருக்கிற டப்பாவை எல்லாம் தட்டுவாரு. குளிக்கிற ரூம் கதவை மட்டும் தட்ட மாட்டாரு" என்பாள் அக்கா.

அவருக்கு அது கேட்காது. கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பார்.

அந்தப் பழக்கம் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லை அரைத்துத் தூளாக்கி, மூட்டை கட்டாமல் அப்படியே லாரியில் கொட்டி அனுப்பும் ஆலை எங்களுடையது. டைல்ஸ் செய்கிறவர்கள், பெயின்ட் செய்கிறவர்கள் வாங்குவார்கள். அரைத்த தூள் ஓர் உயரமான இரும்புத் தொட்டிக்குள் போய் விழும். தொட்டியின் அடிப்பாகம் வரவரக் குறுகி ஒரு வாயில் முடியும். அதை நாங்கள் புனல் என்போம். லாரி வந்து புனலுக்குக் கீழே நிற்கும். வாயைத் திறந்தால் தூள் தானாகக் கொட்டி, டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் லாரி நிறைந்துவிட வேண்டும்.

அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. பாதி கொட்டும், நின்றுவிடும். உள்ளே தூள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பாலம் கட்டியது போல நிற்கும். அத்தான் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறுவார். புனலை விரலால் தட்டிப் பார்த்து, தூள் எங்கே நிற்கிறதோ அங்கே ஓங்கி ஒன்று போடுவார். டங் என்று ஆலை முழுக்கக் கேட்கும். அதனாலேயே டிரைவர்கள் அவருக்கு டங்கு என்று பேர் வைத்தார்கள். நாங்கள் குடியிருக்கும் வரிசையில் பிள்ளைகள்கூட டங்கு மாமா என்றுதான் கூப்பிடும்.

சில நேரம் நாலு அடிக்கும் அசையாது. சில நேரம் ஒரே அடியில் மொத்தமும் சரிந்து, லாரி தாங்காத அளவுக்குக் கொட்டிவிடும். எடைமேடையில் கூடுதல் என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்து, மேலே ஏறி, மண்வெட்டியால் வழித்துக் கீழே தள்ளுவார்கள். தள்ளியதையும் சிந்தியதையும் கூட்டி அள்ளுவது என் வேலை. அள்ளியதைத் திரும்பத் தொட்டியில் கொட்டுவோம். இதற்குள் பின்னால் நிற்கும் லாரிகள் கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போயிருக்கும். ஒரு நாளில் இரண்டு நடை போக வேண்டிய லாரி ஒரு நடையோடு நின்றுவிடும். அங்கே டைல்ஸ் ஆலையில் தூளுக்காக மெஷினை நிறுத்தி வைத்திருப்பதாக போன் வரும்.

வழக்கமாக முதலில் வந்து நிற்பவர் ஒரு மீசைக்கார டிரைவர். அவர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

"டங்கு அண்ணே, உள்ள தூங்குதா? தாலாட்டு போதும், எழுப்பி விடுங்க."

"எழுப்பினா உன் தலையிலதான் விழும், பரவாயில்லையா?"

"விழட்டும். வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியாம போனா எனக்கு நிம்மதி."

அத்தான் இதற்கு மட்டும் சிரிப்பார். மற்ற நேரமெல்லாம் அவர் முகம் தூள் பூசின சுவர் மாதிரி இருக்கும்.

ஆலைக்குப் பின்னால் ஒரு வரிசை அறைகள் உண்டு. நிரந்தர வேலைக்காரர்களுக்குத்தான் அங்கே இடம். என்னுடையது கான்ட்ராக்ட் வேலை, கணக்கில் வராது. அத்தான் பேரில்தான் எங்கள் அறை. அக்கா படியில் விழுந்து முழங்கால் போன பிறகு அந்த அறை இல்லாமல் அவளால் முடியாது. தரையோடு தரையாக இருக்கும். குழாய் வாசலுக்கு நேரே, குளிக்கும் அறை பக்கத்திலேயே. சுவரைப் பிடித்துக்கொண்டே அவளாக எல்லா இடத்துக்கும் போய்விடுவாள். வெளியே எங்கள் சம்பளத்துக்குக் கிடைப்பதெல்லாம் மாடி அறைகள்.

லாரிகள் ஏன் இவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நடுத்தர வயது. வயிற்றுக்கோளாறு போல, எங்கே போனாலும் சுடுதண்ணீர் பிளாஸ்க் கையில் இருக்கும். வந்த முதல் நாள் எல்லாரும் லாரியைப் பார்க்க, அவர் மட்டும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு புனலைச் சுற்றி வந்தார். அன்றைக்கே டிரைவர்கள் டார்ச் சார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் டார்ச்சை நேராக அடிக்கவில்லை. இரும்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார். அத்தனை வருஷம் கீழே நின்று நான் பார்க்காதது அப்போது தெரிந்தது. புனல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, கைவைக்க இடமில்லாமல்.

"இதெல்லாம் யாரு அடிச்சது?"

"நான்தான் சார்" என்றார் அத்தான். குரலில் ஒரு பெருமை இருந்தது. "மேல இருக்கிறது பழசு. இந்தப் பக்கம்தான் புதுசு."

"எல்லாமே நீங்களேவா?"

"வேற யாரையும் தொட விட்டதில்ல சார்."

டார்ச் சார் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "பெரியவரே, வெளியில பள்ளம்னா உள்ள என்ன?"

அத்தான் புனலை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள மேடு. வழுக்கிட்டு வர்ற தூள் அந்த மேட்டுல தட்டி நிக்கும். நிக்குதேன்னு நீங்க அடிப்பீங்க. அடிச்சா இன்னொரு மேடு."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சட்டையில் கறை இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"அடிச்சா வந்துச்சே சார்."

"வந்துச்சு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல."

என்னிடமும் வந்தார். கூட்டி அள்ளினதை இனிமேல் தொட்டியில் கொட்ட வேண்டாம் என்றார். அதில் ஈரமும் அள்ளுகிற சாக்கின் நூலும் சேர்ந்து போய்ப் புனல் வாயில் சிக்குகிறதாம். "நீங்க அள்ளுறது குப்பை இல்லம்மா. ஆனா தூளும் இல்ல" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"நான் அடிச்சதாலதான் அடைச்சுதாம்."

"யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"வந்திருக்காரே, அவரு."

"அப்ப இத்தனை வருஷம் அடிக்கச் சொல்லிச் சம்பளம் குடுத்தவங்க என்ன பைத்தியமா?"

"அவங்களுக்கும் தெரியாது."

"தெரியாதவங்க எல்லாம் நல்லா இருக்காங்க. உங்க தோள்தான் போச்சு."

அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அந்தத் தோளுக்கு நான் தேய்த்த தைலத்தில் ஒரு டிரம் நிறைந்திருக்கும்.

டார்ச் சார் சொன்னபடி எல்லாம் நடந்தது. தொட்டியின் மேல்மூடிக்கு ரப்பர் விளிம்பு வந்தது, ஈரக்காற்று உள்ளே போகக்கூடாதென்று. விடிந்ததும் எல்லா லாரியும் வந்து குவியாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் கொடுத்தார்கள். கடைசியாகப் பழைய புனலை அறுத்து இறக்கிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார்கள். பழையதைவிடச் செங்குத்து, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெளியே ஒரு சின்ன மோட்டார், பொத்தானை அழுத்தினால் புனல் லேசாக நடுங்கும். அத்தானின் சம்மட்டியைக் கருவி அறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அறுத்த புனல் ஆலை வாசல் பக்கம் பழைய இரும்போடு கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அத்தான் அதைப் பார்க்காமல் போவார்.

புதுப்புனலில் தூள் நிற்கவே இல்லை. மீசைக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் லாரி நிறைந்தது. "டீயை ஆத்திக் குடிக்கக்கூட விட மாட்டேங்கிறாங்க" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். கீழே சிந்துவதும் குறைந்தது. நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதாகத் தோன்றக்கூடாதென்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டார்.

"மழை முடியிற வரைக்கும் பாப்போம்ப்பா. அதுவரைக்கும் அடைக்காம ஓடிச்சுன்னா மேல உனக்கு என்ன வேலை சொல்லு. ரூமுக்கும் வெளியில ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

"கீழ ஏதாவது..."

"கீழயும் ஆளு அதிகம்னுதான் மேலிடத்துல சொல்றாங்க."

அத்தான் அதை வீட்டில் வந்து சொன்னார். அக்கா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மழை ஆரம்பித்தது. முதல் வாரம் போனது, இரண்டாவது போனது. தூள் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் புனலுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அது நிற்க வேண்டும் என்று நினைக்கிறாரா, ஓட வேண்டும் என்று நினைக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் நின்றது. காலை ஷிஃப்டுக்காரர் புனல் வாயை மூடிவிட்டு மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார். வாய் மூடியிருக்கும்போது நடுங்கினால் தூள் உள்ளேயே இறுகிப்போகும் என்று டார்ச் சார் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். மீசைக்காரர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாயைத் திறந்தார்கள். ஒரு கைப்பிடி விழுந்தது, அவ்வளவுதான்.

டார்ச் சாருக்கு போன் போட்டார்கள். வழியில் இருக்கிறேன், கம்பியை விட்டுக் கீழேயிருந்து மெதுவாகக் குத்திப் பாருங்கள், யாரும் அடிக்காதீர்கள் என்றார். அத்தான்தான் குத்தினார். கொஞ்சம் உதிர்ந்தது. மறுபடி குத்தினார். பின்னால் லாரிகள் சேர ஆரம்பித்தன. மழையில் நனைந்துகொண்டே ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணே, பல்லு குத்திட்டு இருக்கீங்க. ரெண்டு போடுங்க" என்றார் மீசைக்காரர்.

"அடிக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது? அவரு மழைக்குள்ளயா நிக்கிறாரு? டைல்ஸ்காரன் இப்பவே ரெண்டு போன் போட்டுட்டான்."

மேனேஜர் குடையோடு வந்தார். புனலைப் பார்த்தார், லாரி வரிசையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். கருவி அறைச் சாவியை எடுத்துப் பக்கத்தில் கிடந்த மேஜைமேல் வைத்தார்.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் சாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவசரப்படவில்லை. போய்ச் சம்மட்டியை எடுத்துவந்து படி ஏறினார். வழவழவென்றிருந்த அந்த இரும்பை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். அதற்குப் பிறகு ஓங்கினார். இது தெரியாமல் அடித்த அடி இல்லை. என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், கீழே நின்ற எனக்கும் தெரியும். ஒன்றில் வரவில்லை. தள்ளித் தள்ளி இன்னும் மூன்று இடத்தில் போட்டார். மொத்தமாகச் சரிந்து லாரி நிறைந்து வழிந்தது. பின்னாலிருந்த டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

டார்ச் சார் வந்தபோது மேனேஜரும் திரும்பி வந்திருந்தார்.

"நல்லவேளை, இவர் இருந்தாரு" என்றார் மேனேஜர். "மெஷினை நம்பி ஆளை அனுப்ப முடியாது போல சார்."

டார்ச் சார் நேராக மேலே ஏறினார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அத்தான் படியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாலா?"

"நாலு சார்."

"தெரிஞ்சுதானே அடிச்சீங்க?"

"தெரிஞ்சுதான் சார். ரூம் போயிடும்."

டார்ச் சார் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேன்ட் முழுக்கத் தூள் ஒட்டியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷர். "மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் ஆகியிருக்காது."

"அதான் சார்" என்றார் அத்தான்.

பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினார் டார்ச் சார். அத்தான் வாங்கிக் குடித்தார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் பார்க்கவில்லை. அந்த நாலு பள்ளத்தின் உள்மேட்டில் அடுத்த மாதமே தூள் தட்டி நிற்க ஆரம்பித்தது. அத்தான் ஏறி அடித்தார், யாரும் தடுக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் டார்ச் சாரை வேறு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது புதுப்புனலின் ஒரு பக்கம் பழையதைப் போலவே ஆகிவிட்டது. அத்தானுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. இடது கையால் அடிக்கிறார், அதனால் மறுபக்கமும் பள்ளம் விழ ஆரம்பித்திருக்கிறது. லாரிகள் கேட் வரை நிற்கின்றன, மழைநாட்களில் சாலை வரைக்கும். எனக்குக் கூட்டுவதற்கு நிறையவே சிந்துகிறது. அறை எங்களிடம்தான் இருக்கிறது.