ரப்பரால் அழித்த கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், ரங்கூனில் ஓர் இத்தாலிய அம்மையார் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பவிருந்த அவர், தம் நாட்டு ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த கல்லச்சுப் படத்தைப் பிரேம் போட்டு வரும்படி என்னிடம் கொடுத்தார். இறந்துபோன கணவர் கடைசியாக வாங்கித் தந்த படமாம்.

படத்தின் கீழ், வெள்ளை ஓரத்தில் ஏதோ பென்சில் கிறுக்கல் தெரிந்தது. சுத்தமாக இருக்கட்டுமே என்று ரப்பரால் அழித்துவிட்டேன்.

ரங்கூனின் தாமுவே பகுதியில் பிரேம் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணன் படத்தைப் பார்த்ததும், "இந்த மாதிரிப் படத்தைக் கொஞ்சம் பிரதிதான் அச்சடிச்சு, ஓவியரே பென்சில்ல நம்பரும் கையெழுத்தும் போட்டிருப்பாரே, எங்க தங்கச்சி?" என்றார்.

அந்தக் கிறுக்கல் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

"நான்தான் அழிச்சுட்டேன் அண்ணே! பென்சில் குடுங்க, ஞாபகம் இருக்கறபடி எழுதிடறேன்" என்று அழுதேன்.

"வேணாம்மா. அழிச்சது தெரியாமச் செஞ்சது. எழுதினா கள்ளக் கையெழுத்து" என்று மறுத்துவிட்டார்.

படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே ஜெபித்தேன். வேலை போவதைவிட, அம்மையார் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே பெரும் வேதனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் தாளில் அப்படியே இருந்தது. கையெழுத்தைப் படிக்க முடிந்தது.

"இதன்மேல் நீ எழுதியிருந்தால் இதுவும் போயிருக்கும்" என்றார், கண்ணீரோடு.

இப்போதெல்லாம் என் கையால் எது கெட்டாலும், சரிசெய்யப் பார்க்காமல் முதலில் உடையவரிடம் சொல்லிவிடுகிறேன்.