பையில் தைத்த காது

துறைமுகத் தீவான யோங்தோவின் மேட்டுத் தெருவில் சலவைக் கடை வைத்திருந்த ஓக் மிரான் அதிகம் பேசுகிறவள் அல்ல. இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் நாள் முழுக்க நின்றாலும் முகம் சுளிக்க மாட்டாள். புருஷன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நாரேயும்தான்.

மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து நாரே ஒரு மாதிரியாக இருந்தாள். காலையில் செருப்பு மாட்டவே அரை மணி நேரம். சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டிக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

"டீச்சர் என்னை வாயை மூடச் சொன்னாங்க."

"ஏன்டி? நீ என்ன பண்ணுன?"

நாரே போர்வைக்குள் போய்விட்டாள்.

வகுப்பாசிரியை பியோ உன்ஜேவுக்கு நாற்பது வயதிருக்கும். வறண்ட குரல். பெற்றோருக்குச் சொந்த எண்ணைத் தரமாட்டார். பள்ளிச் செயலியில்தான் கேட்க வேண்டும். மிரான் கேட்டாள். 'வகுப்பில் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பேசுவோம்' என்று ஒரு வரி வந்தது. அந்த 'பிறகு' வருவதாகக் காணோம்.

பக்கத்து அடுக்ககத்து யூரி அம்மா சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் கொதித்தாள்.

"அந்தம்மா சிரிச்சு யாராவது பாத்திருக்காங்களா? கேட்டா ஒத்துக்குவாங்கன்னா நினைக்கிற? பையில ரெக்கார்டர் வச்சு அனுப்பு, எல்லாம் வெளிய வரும்."

"தப்பாச்சே அக்கா."

"உன் பொண்ணு இப்படிக் கிடக்குறது மட்டும் சரியா?"

அந்த ஒரு கேள்வியில் மிரான் விழுந்துவிட்டாள். கட்டைவிரல் அளவு ஒலிப்பதிவுக் கருவியைப் பையின் அடித்துணிக்குள் வைத்துக் கடைத் தையல் இயந்திரத்திலேயே தைத்தாள். தையல் நேராக விழவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு, நாரே கடையின் பின்கட்டில் படம் வரைந்துகொண்டிருந்தபோது, மிரான் தையலைப் பிரித்துக் கருவியை எடுத்து, அதன் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு இஸ்திரி போடத் தொடங்கினாள். நாற்காலி இழுபடும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், வாய்ப்பாடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. திடீரென்று அந்த வறண்ட குரல் பக்கத்தில் கேட்டது.

"வாயை மூடு, நாரே."

மிரானின் விரல்கள் மேஜை விளிம்பை இறுக்கின.

"மூடிட்டு மூக்கால மூச்சு விடு. என் கையைப் பிடிச்சுக்கோ. ஒண்ணு... ரெண்டு... அப்படித்தான். கை நடுங்குறது நின்னுடும், பாரு."

நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு நாரேயின் குரல்: "அப்பா கப்பல் முழுகிடுச்சா டீச்சர்? டிவில ஒரு கப்பல் கவுந்துச்சு. அம்மா உடனே அணைச்சுட்டாங்க."

"அது வேற கப்பல். அம்மாகிட்டக் கேட்டியா?"

"கேட்டா அழுவாங்க. நீங்களும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுனீங்கல்ல?"

"பண்ணுனேன். ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சா நல்லது. நீ சரின்னு சொல்ற வரைக்கும் தினமும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

மிரான் காதிலிருந்து அதை எடுத்தாள். கரிந்த வாடை வந்த பிறகுதான் யாருடைய சட்டைமேலோ இஸ்திரிப் பெட்டி கிடப்பதைப் பார்த்தாள். நிம்மதியா, கோபமா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெற்றவளிடம் சொல்லாததை வெளியாளிடம் சொல்லியிருக்கிறாள். அதைப் பெற்றவள் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துச் செயலியில் செய்தி வந்தது: 'நாரே சம்மதித்துவிட்டாள். நாளை நேரில் வர முடியுமா?'

வகுப்பறையில் பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் மிரான் உட்கார்ந்தாள். பியோ டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாரே அம்மா, அவ ஒரு பயத்தை..." என்று தொடங்கினார். பேசாமல் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மிரானால் முடியவில்லை. கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்."

டீச்சரின் முகம் வெளுத்தது. கைகளை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார்.

"எத்தனை நாள்?"

"ஒரே நாள்."

"நான் அதை நம்பணுமா?"

மிரான் கருவியை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"போன பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தங்க வச்சாங்க," என்றார் டீச்சர். "பாதியை வெட்டி மத்தவங்களுக்கு அனுப்புனாங்க. ரெண்டு மாசம் என்னால வகுப்புக்குள்ள கால் வைக்க முடியல. இப்பவும் ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடி யாரு கேக்குறாங்களோன்னுதான் யோசிக்கிறேன். அவ கையைப் பிடிச்சிருந்தப்ப மட்டும்தான் யோசிக்கல."

"மன்னிச்சுடுங்க டீச்சர்."

"பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது. என் முன்னாடி அழிங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லணும். அவ ரகசியமா சொன்னதை நீங்க கேட்டுட்டீங்க."

மிரான் அழித்தாள். ரகசியமாகப் பதிவு செய்ததற்கு மேலிடத்தில் புகார் போகுமா என்று கேட்க நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். டீச்சரும் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரமும் தபால்காரர் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தாள். எந்தக் கடிதமும் வரவில்லை.

நாரேயிடம் அன்றைக்கே சொன்னாள். பிள்ளை பையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?" என்றாள். மிரான் அழுதாள். நாரே பயந்ததுபோல் ஒன்றும் ஆகிவிடவில்லை; அழுது முடித்து இருவரும் ராமியோன் நூடுல்ஸ் கொதிக்க வைத்துச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவின் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஞாயிறுதோறும் வரைபடத்தில் சேர்ந்து தேடினார்கள்.

பியோ டீச்சர் இளகிவிட்டார் என்று சொல்ல முடியாது. கோடை விடுமுறை வரை அவர் செய்திகள் ஒரு வரியாகவே வந்தன. அதற்குப் பின் இரண்டு வரி, சில நாள் மூன்று.

அக்டோபரில் பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாள். நாரே எழுந்து அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள். சுவரோரம் நின்ற மிரானின் கால் தானாக முன்னே நகர்ந்தது. கரும்பலகையருகே டீச்சர் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். அவளும் நின்றாள். அரை நிமிடம் அரை நாளாகக் கழிந்தது. நாரே மீதியைச் சொல்லி முடித்து உட்கார்ந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு தாழ்வாரத்தில் டீச்சர் கூப்பிட்டார்.

"நாரே அம்மா, மத்தியானம் அவ சரியாச் சாப்பிடல. பேசணும்ங்கிற படபடப்பு. வீட்டுல கொஞ்சம் பாத்துக்கங்க."

"சரிங்க டீச்சர். எவ்வளவு சாப்பிட்டான்னு நாளைக்குச் செயலியில எழுதுறேன்."

"எழுதுங்க," என்றார் அவர்.