கடல் தாண்டி வந்த கீபோர்டும் குணசுந்தரியும்

விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்குக் காத்திருந்தபோது குணசுந்தரியின் கணவர் போன் செய்தார். "குணா பூட்டா சார். காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தா, அப்பிடியே சாஞ்சிட்டா" என்றார். எதிரே வந்து நின்ற வண்டியில் ஏறாமல் விட்டுவிட்டேன். அடுத்த வண்டியில் உட்கார்ந்து மயிலத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை, இந்தப் பெண்மணி எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லையே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

திண்டிவனத்தில் கிரயப் பத்திரமோ கல்யாணப் பத்திரிகையோ அடிக்கக் கொடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தொண்ணூற்று மூன்றில் நானும் அவரும் பங்கு போட்டு அங்கே அந்தத் தட்டச்சு, அச்சுக் கடையைத் திறந்தோம். சென்னையில் ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, அதனுடன் வந்த கீபோர்டு ஒன்று. தூக்கினால் கை வலிக்கும் கனம். ஒவ்வொரு சாவியும் அழுத்தும்போது விரலை ஒருமுறை தடுத்து, 'டக்' என்று ஒலித்து, பிறகுதான் இறங்கும். தமிழ்த் தட்டச்சில் மேல்நிலை தேறியவர் அவர். அந்தக் கீபோர்டில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கடையில் வேலை நடப்பது தெரியும். நான் கணக்கு, காகிதம், வாடிக்கையாளர். அவர் எழுத்து. சண்டை போட்டால் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார்.

கண்ணழுத்த நோய் அவருக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. திரையில் ஓரங்கள் மறைந்தன, பிறகு நடுவும் மங்கியது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "எழுத்து விழுந்துச்சா இல்லியான்னு விரலு சொல்லிடும்ங்க. கண்ணு எதுக்கு?" என்பார். உண்மையில் அப்படித்தான் அடித்தார். நான் சரிபார்க்கும்போது பிழை கிடைப்பது அபூர்வம்.

பதினாறு பதினேழு வருடம் உழைத்த கீபோர்டில் ஒருநாள் ஒரு வரிசை முழுக்கச் செத்துப்போனது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். கடைத்தெருவில் வாங்கிய புதுக் கீபோர்டு மெத்தைபோல அமுங்கியது. அதில் அவர் அடித்த முதல் கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணின் கடைசி இலக்கம் விழவில்லை. நல்லவேளை, அச்செடுக்குமுன் நான் பார்த்துவிட்டேன். சொன்னதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு போனது பரவால்லைங்க. வெரலும் பொய் சொன்னா நான் எப்பிடிப் பொழைக்கிறது?"

அவர் துவண்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதே மாதிரிக் கீபோர்டு இணையத்தில் கிடைக்கிறது என்று விழுப்புரத்தில் இருக்கும் என் மைத்துனர் கண்டுபிடித்தார். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் அட்டையும் அவரிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் குணசுந்தரியும் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். அமெரிக்காவில் யாரோ ஒரு பெரியவர் தன் பழைய கீபோர்டுகளை விற்றுக்கொண்டிருந்தார். விலை சல்லிசு. ஆனால் இங்கே அனுப்பும் கூலி அந்த விலையைப்போல மூன்று மடங்கு.

"இந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புது கம்ப்யூட்டரே வாங்கலாம்க்கா" என்றார் மைத்துனர்.

"வாங்கலாம் தம்பி. அதுல நீங்க வந்து அடிக்கிறீங்களா?" என்றார் குணசுந்தரி. பிறகு, "அது ஏன் அவ்ளோ கூலி?"

"ரொம்பக் கனம்க்கா. பொட்டியும் பெருசு. எடைக்கும் காசு, பொட்டி அடைக்கிற எடத்துக்கும் காசு."

மயிலத்துப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பம் அவருடையது. அறுவடைக் காலத்தில் மண்டிக்கு வண்டி பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர். யோசிக்கவே இல்லை. "மல்லாட்டைய ஓட்டோட யாரு தம்பி தூர தேசத்துக்கு லாரி ஏத்துவாங்க? உரிச்சி பருப்பாதான் ஏத்துவாங்க. மூடி நம்மகிட்ட கீது, அடித்தட்டு கீது, ஒயரு கீது. உள்ள இருக்கிறத மட்டும் உரிச்சி அனுப்பச் சொல்லுங்க."

மைத்துனர் சிரித்தார். ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்: தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பெட்டி எவ்வளவு சிறிதாகுமோ அவ்வளவு சிறிதாகட்டும். பெரியவர் மறுநாளே சம்மதித்தார். கூலி பாதிக்கும் கீழே இறங்கியது.

பல வாரம் கழித்து வந்த பார்சலைக் கடையில் பிரித்தேன். பகீரென்றது. இரும்புத் தகட்டின்மேல் காம்புகள் மட்டும் நட்டுக்கொண்டு நின்றன. எழுத்துப் பொறித்த சாவி மூடிகள் அத்தனையையும் அந்த நல்ல மனிதர் தனித்தனியாகப் பிடுங்கி, ஒரு பையில் மொத்தமாகக் கொட்டி, பெட்டியின் மூலையில் திணித்திருந்தார்.

குணசுந்தரி தகட்டைத் தடவிப் பார்த்தார். பையைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார். "நாம உரிக்கச் சொன்னோம். அந்த ஆளு பருப்பு மேல இருக்கிற செவப்புத் தோலையும் சேத்து உரிச்சிட்டாருங்க."

நான் மேஜையில் மூடிகளைப் பரப்பி, எது எங்கே என்று படம் பார்த்துத் தேட ஆரம்பித்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க? பெரிய மூடி மட்டும் அதது எடத்துல வைங்க. மத்தது கைக்கு வர்றத சொருவுங்க. அதுல இருக்கிறது இங்கிலீஷு. நான் அடிக்கிறது தமிழு."

நியாயம்தான். இத்தனை வருடமும் அந்த மூடிகளில் இருந்த எழுத்துக்கும் அவர் அடித்த எழுத்துக்கும் சம்பந்தமே இருந்ததில்லை. கைக்கு வந்த வரிசையில் சொருகி, பழைய கூட்டில் பொருத்திக் கொடுத்தேன். ஒரு பழைய பத்திரத்தை அடித்துப் பார்த்தார். ஐந்து பக்கம். நான் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்ங்க" என்றார் அவர்.

பத்திரம் கொண்டுவந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் அந்தக் கீபோர்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்குது?" என்று கேட்டார். "உங்க பத்திரத்துல மாறியிருந்தா சொல்லுங்க" என்றார் இவர். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தார்.

கடைசி வருடங்களில் அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கையெழுத்துப் பிரதியை நான் வாய்விட்டு வாசிப்பேன், அவர் அடிப்பார். ஒரு வரி முடிந்ததும் நிறுத்துவேன். விரல்கள் ஓய்ந்ததும் "ம், மேல சொல்லுங்க" என்பார். அப்புறம்தான் அடுத்த வரி. மயிலத்திலிருந்து கணவர் பஸ் ஏற்றிவிடுவார், இங்கே நான் போய் இறக்கிக்கொள்வேன். இறந்ததற்கு முதல் நாள்கூட சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஊரில் யார் இறந்தாலும் அஞ்சலிச் சுவரொட்டிக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அவருடையதையும் நாங்கள்தானே போட வேண்டும். கடையில் புதிதாகச் சேர்ந்த சுமதியை அவளுடைய கம்ப்யூட்டரில் உட்காரச் சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். பெயரைச் சொன்னேன். நிறுத்தினேன். சுமதி எப்போதோ அடித்து முடித்துவிட்டாள். நான் சும்மா நின்றேன்.

"சார், அடிச்சிட்டேன்" என்றாள்.

குணசுந்தரி எனக்கு விட்டுப்போனது இந்த நிறுத்தம்தான். எதை வாசித்தாலும், மனசுக்குள் வாசித்தாலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறேன். அதை விட்டொழிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அன்றும் காத்திருந்துவிட்டுத்தான் சுமதிக்கு அடுத்த வரியைச் சொன்னேன்.