வெளிச்சக் கிண்ணங்கள்

கிண்ணத்தின் விளிம்பை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, அடித்துளையில் ஒரு கண்ணை வைத்துக் கடைவாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் சந்தியா. வாசலில் நிற்கிறவரின் சட்டை நிறம் கிண்ணத்தின் உட்சுவர் முழுக்க வழவழவென்று பரவ வேண்டும். எங்காவது நெளிந்தாலோ திட்டாகத் தெரிந்தாலோ கிண்ணம் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். கை நீட்டுகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "உள்ள வெரலு வெக்காதீங்க. ஒரு ரேகை வுழுந்தா போச்சு. தொடைச்சா இன்னும் போச்சு."

தூசி படிந்தால் ஊதுவதற்கு மட்டும் ஒரு ரப்பர் குமிழி வைத்திருக்கிறார். துணி கிடையாது. வீட்டில் வெள்ளித் தட்டைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்பது அவர் கணவர் இளஞ்செழியனின் புகார்.

தியாகதுருகத்தில் கோட்டை மலைப் பக்கம் போகும் தெருவில் இளஞ்செழியனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அதில் பாதி இடம் சந்தியாவுடையது. 'டார்ச் லைட் செய்து தரப்படும்' என்று ஒரு சின்னப் பலகை. படித்துவிட்டும் பழைய டார்ச்சைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் உண்டு. "ரிப்பேர் இல்லீங்க, செய்யறதுங்க" என்பார். ஆனாலும் வாங்கிப் பார்ப்பார்.

பேட்டரி உட்காரும் அலுமினியக் குழாயைக் கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறார். எல்.ஈ.டி. ஒரு பச்சைப்பயறு அளவுதான். அதை அவர் 'பொட்டு' என்கிறார். ரிப்ளெக்டர்தான் கிண்ணம். மரப்பெட்டியில் ஆழமானது, அகலமானது, கண்ணாடிபோல வழுவழுப்பானது, பொரிப்பொரியாக மேடு தட்டியது என்று அடுக்கி வைத்திருக்கிறார். பொரியோடது 'சாத்துக்குடி'. அதன் உட்புறம் அந்தப் பழத்தோலைப் போலவே இருக்கும். "பொட்டு அல்லாருக்கும் ஒண்ணுதாங்க. கிண்ணந்தான் ஆளுக்கு ஆள் மாறும்" என்பது அவர் கணக்கு. ஆழமான வழுவழுக் கிண்ணம் வெளிச்சத்தைக் கயிறாகத் திரித்துத் தூரத்தில் எறியும். சாத்துக்குடிக் கிண்ணம் பாய் விரித்த மாதிரி கிட்டத்திலேயே பரப்பிவிடும். கிண்ணத்துக்குள் பொட்டு ஒரு மயிரிழை மேலே கீழே உட்கார்ந்துவிட்டால் வெளிச்சத்தின் நடுவே கருப்பு ஓட்டை விழும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் வடை. "இன்னிக்கி காத்தாலேர்ந்து வடையாவே சுட்டுக்கினு இருக்கறேன்" என்று அவர் அலுத்துக்கொண்டால் வேலை ஓடவில்லை என்று பொருள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது தூரம். சாயங்காலம் கடைவாசலில் நின்று கோட்டை மலையைக் காட்டி, "அந்த செவுரு மேல அடிக்குமா?" என்பார்கள். சந்தியாவுக்கு உடனே முகம் சுருங்கும். "மலைய பாக்கணும்னா பகல்ல பாருங்க. இருட்டுல கால எங்க வெக்கப் போறீங்க, அத சொல்லுங்க." மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி ஒருவர், மோட்டார் போடப் போகையில் காய்ந்த கரும்புச் சோகைக்குள் பாம்பு தெரிய வேண்டும் என்றார். அவருக்குச் சாத்துக்குடி. மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும் ஒருவர், ரத்தம் ரத்த நிறமாகவே தெரிய வேண்டும் என்றார். அவருக்கு மஞ்சள் கலந்த பொட்டும் சாத்துக்குடியும். தூரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்கும் பல தடவை சாத்துக்குடிதான் போயிருக்கிறது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவருடைய கண். களமருதூரில் பிறந்த நாளிலிருந்தே சந்தியாவுக்கு மாலைக்கண். பகலில் ஊசியில் நூல் கோப்பார். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. இது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்று புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவர் சொல்லிவிட்டார். டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பல்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனபோது, ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் யாராவது ஒரு தோழியின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கடையில் விற்ற டார்ச் எதுவும் உதவவில்லை. நடுவில் ஒரு வட்டம் கண்ணைக் கூசவைக்கும். அதைச் சுற்றிலும் ஒன்றுமே இருக்காது. கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட சாமான்களைக் கேட்டு வாங்கி, அகலக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தித் தனக்கென்று ஒரு டார்ச் செய்துகொண்டார். அன்று சாயங்காலம் தன் இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் பார்த்ததாகச் சொல்கிறார். "அளுதுட்டன் தெரியுமா. காலத்தான் பாத்தன், வேற இன்னா? ஆனா அளுதுட்டன்."

கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஜன்னலைப் பழைய பிளக்ஸ் பேனரால் அடைத்து, ஒரு சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். செய்த டார்ச்சை அங்கே கொண்டுபோய்த்தான் பார்ப்பார். "இந்த ரூமுல எனுக்குத் தெரிஞ்சா, வெளியில எவனுக்கும் தெரியும்" என்று நம்பினார். போன ஐப்பசி வரை அந்த நம்பிக்கையில் கீறல் விழவில்லை.

ஐப்பசியில் கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் சின்ன ஊர் ஒன்றில் மரவள்ளி போடுகிறவர். அவர் மனைவி இருசம்மாள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறார். விடிவதற்கு முன்பே கிளம்பி, காட்டுப் பாதையில் இறங்கி, ஓடையைக் கல் மேல் கல்லாகத் தாண்டிப் போக வேண்டும். அவருக்காக வேடியப்பன் புரட்டாசியிலேயே ஒரு டார்ச் வாங்கிப் போயிருந்தார். அவரும் தூரம்தான் கேட்டார். சந்தியா வழக்கம்போல மறுத்துச் சாத்துக்குடியைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இப்போது அந்த டார்ச்சை மேசைமேல் வைத்தார் வேடியப்பன். "வூட்டுக்காரம்மா ஓடையில வுழுந்துட்டாங்க. கை வீங்கிக் கெடக்குது. இத்த அடிச்சா பால ஊத்துன மாதிரி வெள்ளையா கீதாம். ஒண்ணுந் தெரியலயாம்."

சந்தியா அறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தார். சுவரில் வெளிச்சம் சீராக விழுந்தது. வடை இல்லை, திட்டு இல்லை. "நல்லாத்தான் கீதுண்ணா. எனுக்கே தெரியுதே."

"ஒனுக்கு இங்க தெரியுது. அங்க வந்து பாரும்மா." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் குத்தியது என்கிறார் சந்தியா. வேறு டார்ச் கொடுங்கள் என்றோ பணத்தைத் திருப்புங்கள் என்றோ அவர் கேட்கவில்லை. மேசைமேலேயே விட்டுவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் சந்தியா ஒரு பையில் வேடியப்பன் விட்டுப்போன டார்ச்சைப் போட்டு, கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி வைத்தார். எல்லாவற்றுக்கும் கழுத்து ஒரே அளவு. எந்த டார்ச்சிலும் எதையும் மாற்றிப் பொருத்தலாம். இளஞ்செழியன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மலை மேலயா? இருட்டுனா ஒனுக்கு ஒன் கையே தெரியாதே. நானும் வரேன்."

"நீங்க வந்தா ஒங்க கைய புடிச்சிக்குவேன். அப்பறம் டார்ச்ச எங்க பாக்கறது?"

கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முன்னமே போனில் சொல்லியிருந்ததால் பேருந்து நிறுத்தத்தில் இருசம்மாள் காத்திருந்தார். சந்தியாவைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். மணிக்கட்டில் துணிக்கட்டு, இன்னொரு கையால் சந்தியாவின் பையை வாங்கிக்கொண்டார். ஊருக்குப் போகும் பாதையில் அந்தி இறங்கியதும் சந்தியா சாத்துக்குடி டார்ச்சைப் போட்டார். இரண்டு பக்கத்துப் புதரும், வேரும், தன் செருப்பும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. "நல்லாத்தானேக்கா கீது?" என்று கேட்டபோது தன் குரலில் ஒரு வெற்றி இருந்ததை இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

"இப்ப நல்லாத்தான் கீது தங்கச்சி. காத்தால பாக்கலாம்" என்றார் இருசம்மாள்.

மறுநாள் விடியுமுன் இருசம்மாள் வீட்டுக் கதவைத் திறந்தபோது உலகமே இல்லை. மழைக்குப் பிந்தைய மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது. சந்தியா டார்ச்சைப் போட்டார். முகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்த அதே வெளிச்சம் பனியின் ஒவ்வொரு துளியிலும் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்தது. அணைத்தால் கருப்பு, போட்டால் வெள்ளை. இரண்டிலும் பாதை கிடையாது. இருசம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். இந்த வெளிச்சத்தோடு இந்தம்மாவை ஓடைக்கு அனுப்பியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்ததாகச் சொல்கிறார்.

ஓடைக்கரையில் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. சந்தியா ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்களுக்கு இங்க இன்னா தெரியணும்?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் பதிலைத் தானே வைத்துக்கொண்டு கேட்பது அதுவரை அவர் பழக்கம்.

"எனுக்கு சுத்தியும் அல்லாம் தெரிய வேணாம் தங்கச்சி. இது நா நடந்த வழிதான. எந்தப் பக்கம் இன்னா கீதுன்னு காலுக்குத் தெரியும். தண்ணி ஜாஸ்தியா போனா கல்லு முழுவிடுது பாரு, அதான் பேஜாரு. அடுத்த கல்லு மேல தண்ணி போவுதா இல்லியான்னு தெரிஞ்சா போதும்."

சந்தியா டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றினார். பைக்குள் கைவிட்டு, கண்ணுக்கு வேலையில்லாமல், காகிதத்துக்கு மேலாகவே விளிம்பைத் தடவித் தடவி ஆழமான வழுவழுக் கிண்ணத்தைக் கண்டுபிடித்தார். இத்தனை நாள் அவர் வேண்டாவெறுப்பாக விற்றுவந்த கிண்ணம். பொருத்தித் திருகி மார்பளவில் பிடித்துப் போட்டார். பனிக்குள் ஒரு வெள்ளைக் கழி மட்டும் நீண்டது. சுவரைவிடப் பரவாயில்லை, ஆனால் கல் தெரியவில்லை. இருசம்மாள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், முழங்காலுக்கும் கீழே. வெளிச்சம் பனிக்கு அடியில் நுழைந்து தண்ணீர் மேல் படுத்தது. அதன் முனையில் ஒரு கல். நனைந்த முதுகோடு, தண்ணீருக்கு மேலே.

"தெரியுது" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஒவ்வொரு கல்லாகத்தான் தாண்டினார்கள். ஒரு கல் தெரிந்தால் காலை வைப்பது, பிறகு வெளிச்சத்தை நகர்த்துவது. நடு ஓடையில் ஒரு கல் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இருசம்மாள் விழுந்த இடம் அதுதான். இந்தத் தடவை முன்னாலேயே பார்த்து நின்று, பக்கத்துப் பாறைக்குக் காலை மாற்றிக்கொண்டார்கள். சந்தியாவுக்கு இடமும் வலமும் எதுவும் தெரியவில்லை. "ஒரே ஒரு கல்லுதாங்க தெரிஞ்சுது. அது போதுமா இருந்துச்சு. எனுக்குப் புடிச்ச வெளிச்சத்த இத்தினி பேரு தலையில கட்டியிருக்கறேன் பாருங்க" என்கிறார்.

மலையிலிருந்து இறங்கியபின் செய்த டார்ச்சுகளில் மணிக்கட்டில் மாட்டித் தொங்கவிட ஒரு கயிறு இருக்கிறது. கையைத் தளர விட்டாலே வெளிச்சம் முழங்காலுக்குக் கீழே நிற்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு ஆழக் கிண்ணம். முன்பு சாத்துக்குடி வாங்கிப் போனவர்களைத் தெருவில் பார்த்தால் நிறுத்தி, "சரியா தெரியுதா? இல்லன்னா எடுத்துக்கினு வாங்க, மாத்தித் தரேன்" என்கிறார். மாற்ற வந்தவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று சாத்துக்குடியோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. அந்த இருட்டறை இன்னும் இருக்கிறது. பொட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதற்குள் போகிறார். மற்றதற்கு, டார்ச்சோடு நான்கைந்து கிண்ணங்களையும் கட்டிக்கொடுத்து, "ஒங்க எடத்துல போட்டுப் பாருங்க, வேணாங்கறத திருப்பிக் குடுங்க" என்கிறார். திரும்பி வருபவற்றில் பாதியில் விரல்ரேகை இருக்கும். பல்லைக் கடித்துக்கொள்வார், நிறுத்துவதாக இல்லை.

இருசம்மாளைப் போன மாதம் கடையிலேயே பார்த்தேன். கை தேறிவிட்டது. கூட வேலை செய்யும் பெரியம்மாளுக்கும் ஒரு டார்ச் வாங்க வந்திருந்தார். சந்தியா தேநீர் சொல்ல வெளியே போனபோது, அந்தக் காலையைப் பற்றி அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை இருசம்மாள் சொன்னார்.

ஓடையைத் தாண்டிக் கரை ஏறியதும், பின்னால் பனிக்குள்ளிருந்து பெரியம்மாளின் குரல் கேட்டிருக்கிறது. செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கரையில் தடுமாறிக்கொண்டிருந்தார். அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது. "நீங்க போங்கக்கா, நா அவங்களோட வரேன்" என்று சொல்லிவிட்டார் சந்தியா. இருசம்மாள் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். அந்த வெண்மைக்குள் தன்னந்தனியாக, ஈரப் பாறைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து, வெளிச்சத்தைக் கல் கல்லாகப் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தார் சந்தியா. எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்துவிடக் கூடாதென்று, இன்னொரு கையை விரித்து அதன் மேல் கூரையாகப் பிடித்திருந்தார்.