மூன்று பெட்டிகளும் என் காதும்

புது டிவி வாங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பழைய டிவியின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள் இருந்தன. அங்கிருந்து ஒரு வயரை இழுத்து என் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பாட்டு கேட்கும். புது டிவியில் அந்தத் துளைகளைக் காணோம். அதற்குப் பதில் சின்னச் சதுரமாக ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. என் ஆம்ப்ளிஃபயர் கல்யாணமான புதிதில் காந்திபுரத்தில் வாங்கியது. வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது.

பீளமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த ஆம்ப்ளிஃபயரும், ஆளுக்கொரு மூலையில் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் இருக்கின்றன. ஸ்பீக்கரின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம். சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் மேல் மணிபிளாண்ட்டும் இருக்கிறது.

மச்சினனுக்குப் போன் செய்தேன். மனைவியின் தம்பி. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை பார்க்கிறவர். மஞ்சள் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் வீட்டோடு சேர்த்துப் புதிதாக ஓர் அறை கட்டினார். பூஜையறை என்று நினைத்துச் சொந்தபந்தமெல்லாம் சந்தோஷப்பட்டது. கடைசியில் சுவரெல்லாம் தேங்காய்நார் மெத்தையை ஒட்டி, பாட்டு கேட்கும் அறையாக்கிவிட்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க மச்சான். ஒரு டேக் வாங்கி மாட்டிப்போட்டீங்கன்னா தீந்துச்சு" என்றார்.

"டேக்குன்னா?"

"டிவி பாட்ட நம்பரா அனுப்புதுங்க. உங்க ஆம்ப்ளிஃபயருக்கு நம்பர் புரியாது. அந்த நம்பர மறுபடி சத்தமாக்கித் தர்ற பொட்டிங்க. டிஜிட்டல அனலாக்கா மாத்துறது."

"எந்த வெலையில வாங்கறது மாப்ளே?"

"அது உங்க காதப் பொறுத்ததுங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் யூடியூபில் கழிந்தது. உலகம் பூராவும் ஆண்கள் இந்தப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியின் சத்தம் பட்டுப் போல இருக்கிறதாம். இன்னொன்றில் பாடகிக்கும் வயலினுக்கும் நடுவே காற்றோட்டம் தெரிகிறதாம். மூன்றாவது கொஞ்சம் இருட்டாக இருக்கிறதாம். நான் வீடு வாடகைக்குப் பார்த்த காலத்தில்தான் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் இருப்பதிலேயே மலிவான ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கென்று சார்ஜர் தரவில்லை. அலமாரியில் கிடந்த பழைய போன் சார்ஜரில் மாட்டினேன். பாட்டு வந்தது.

மச்சினனுக்கு மனசு ஒப்பவில்லை. "ஒண்ண மட்டும் கேட்டுப்போட்டு நல்லதுன்னு எப்படீங்க சொல்றது? நான் வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்கினார். கூட்டாளியிடம் இரவல் வாங்கிய நடுத்தரப் பெட்டி ஒன்று. தன் வீட்டு அறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பெரிய பெட்டி ஒன்று. அதைக் கைக்குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி மடியில் வைத்தே கார் ஓட்டி வந்திருந்தார். மூன்றையும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். எது ஓடுகிறதென்று நான் பார்க்கக் கூடாது.

"ஒண்ணு போடறனுங்க" என்றார். பாட்டு ஓடியது. "இது ரெண்டுங்க." ஓடியது. "மூணுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றும் ஒன்றேதான். வரிசையை மாற்றிப் போடச் சொன்னேன். அப்போதும் ஒன்றேதான். பட்டையும் காணோம், காற்றோட்டத்தையும் காணோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

"மாப்ளே, இதுல ஒரு வித்தியாசமும் இல்ல. எல்லாம் மனப்பிரமை. சும்மா பேசிப் பேசியே ஜனங்கள நம்ப வெச்சிருக்கறாங்க. நான் வாங்குனதே யதேஷ்டம்."

அவர் தலையாட்டினார். எங்கள் பக்கத்து ஆட்கள் அக்காவின் புருஷனை மறுத்துப் பேச மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும், கொஞ்சம் சூடா இருக்குதுங்க மச்சான் என்றுதான் சொல்வார்கள்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாட்டில் நாட்டம் கிடையாது. ஆனால் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சில் குசுகுசுத்தது யாரென்று திரும்பாமல் சொல்லுவாள்.

"ஏனுங்க, அந்தச் சின்னப் பொட்டி ஓடறப்ப கீன்னு ஒண்ணு கத்துதே, அது பாட்டுலயே இருக்கறதுங்களா?" என்றாள்.

"எது கத்துது?"

"இப்பக்கூடக் கத்துதுங்க."

நான் மச்சினனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கேக்குதா மாப்ளே?"

"கொஞ்சமாக் கேக்குதுங்க மச்சான். சார்ஜர்ல இருந்து வர்றதுங்க. உங்களுக்கு அது பரவாயில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

பாட்டை நிறுத்திவிட்டுச் சின்னப் பெட்டியை மட்டும் ஓடவிட்டார். அவள் காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்குது" என்றாள். அவர் அணைத்தார். "போயிருச்சு" என்றாள். போட்டார். "வந்துருச்சு." எத்தனை முறை செய்தாலும் தப்பவில்லை. நான் எழுந்து போய் ஸ்பீக்கரின் மேல் காதை வைத்தேன். துணியின் வாசனை வந்தது. வேறெதுவும் வரவில்லை.

அவள் நறுக்கிய காயோடு சமையலறைக்குப் போனாள். பிறகு அவள், "சாப்புடலாமுங்களா?" என்றாள்.

அந்த வாரம் பூராவும் வீட்டில் எனக்குக் கேட்காதவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்ததும் கூவுமாம். காய்ச்சல் பார்க்கும் கருவி கூவுமாம். ஃபிரிட்ஜைத் திறந்தே வைத்திருந்தால் அதுவும் கூவுமாம். மெஷின் கத்துதே, போய் அணைக்கக் கூடாதுங்களா என்று அவள் சொல்லும்போதெல்லாம், கத்துகிறது என்பதை ஒரு பேச்சு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டும் கேட்காதது போல இருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாக என் மேல் இருந்த அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. அதில் இரண்டு பேருக்குமே சந்தோஷம் இல்லை.

காது டாக்டரிடம் போனோம். அவர் உள்ளே விளக்கால் பார்த்துவிட்டு, காதைச் சோதிக்கும் பெண்ணிடம் அனுப்பினார். எங்கள் மகள் வயசிருக்கும். என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அமுத்துங்க சார். லேசாக் கேட்டாலும் அமுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பரீட்சை என்றாலே ஒரு பதற்றம். லேசாக ஏதோ கேட்பது போலிருந்தது. அமுக்கினேன். இன்னொன்று கேட்பது போலிருந்தது. அதற்கும் அமுக்கினேன். கதவு திறந்தது.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள்.

பிறகு ஆரம்பித்தாள். முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். சமதரையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, வலது பக்கம் வந்ததும் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது.

"கீழ்ச் சத்தமெல்லாம் நல்லா இருக்குதுங்க சார். கீச்சுன்னு வர்ற மேல் சத்தம்தான் ரெண்டு காதுலயும் போயிருக்குது. எங்க வேல பாத்தீங்க?"

"ஸ்பின்னிங் மில்லுல."

"எத்தன வருசமுங்க?"

மில்லை மூடும் வரைக்கும் என்றேன். நூல் சுற்றும் மெஷின்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில் ஷிப்டு ஷிப்டாக நின்றவன் நான். அங்கே பேச்சு கேட்காது. வாயசைவைப் பார்த்தே வேலை நடக்கும். காதை அடைத்துக்கொள்ளவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தக் கட்டடத்தில் கூரை வரைக்கும் பஞ்சுதான் இருந்தது. அதில் ஒரு துளியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

போனது திரும்பாது, காது மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றாள். கொண்டைக்கடலை அளவில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது எப்படி வேல செய்யுது அம்மணி?"

"வெளிச் சத்தத்த நம்பரா மாத்திக்கும் சார். உங்களுக்குக் கொறைவாக் கேக்கறத மட்டும் கூட்டும். அப்பறம் மறுபடி சத்தமா மாத்தி உள்ள விடும்."

"அப்ப உள்ள ஒரு டேக் இருக்குது."

அவள் யோசித்தாள். "இருக்குமுங்க சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

யூடியூபில் கேட்ட பழக்கத்தில், அது எத்தனை பிட் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் வந்தோம். சிக்னலில் நின்றபோது அவள் முன்னால் சாய்ந்து, சத்தமாகக் கேட்டாள்.

"இத்தன வருசமா பின்னால உக்காந்து நான் பேசிட்டு வந்ததெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"நேத்து வாரப்ப என்ன சொன்னேன்?"

"ஹெல்மெட் போட்டா யாருக்குத்தான் கேக்கும்?"

அவள் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது எனக்கு எட்டவில்லை. எப்போதும் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அன்றைக்கு வீடு வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன், விட்டுப் போயிருந்த பெட்டிகளைத் திருப்பி எடுத்துப் போக வந்தார். அக்கா போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வந்ததும் வராததுமாக அலமாரிச் சார்ஜரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, தான் கொண்டுவந்த அடாப்டரைச் சின்னப் பெட்டிக்கு மாட்டினார். கூவல் நின்றுவிட்டது என்று அக்காவும் தம்பியும் சொன்னார்கள். நான் நம்பினேன்.

"இனி நான் கேட்டு என்ன சொல்றது? நீங்களே கேட்டு ஒண்ண முடிவு பண்ணுங்க" என்றேன்.

மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்தும்போது வரும் முகம் வந்தது. எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அவள் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றையும் கேட்டாள். கடைசியாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணால் பார்த்துக்கொண்டும் ஒரு முறை கேட்டாள்.

"மூணும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றாள். "திரும்பிப் பாத்துட்டுக் கேட்டப்ப தம்பியோட பொட்டி கொஞ்சம் ஒசத்தியாட்டத் தெரிஞ்சுது. அது தம்பி மூஞ்சியப் பாத்ததுனாலயும் இருக்கலாம். நடுவுல இருக்கறது லைட்டு கண்ணக் குத்துது. சின்னதே போதுங்க. மிச்சமாகற காசக் காதுக்குப் போடலாம்."

மச்சினன் தன் பெட்டியைத் துண்டில் சுற்றினார். போகும்போது அடாப்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

காது மிஷின் வந்த அன்று எனக்கு உலகம் ரொம்பவும் சலசலவென்று இருந்தது. பேப்பரை மடித்தால் சருகு மிதிபடுகிறது. என் சட்டையே சத்தம் போடுகிறது. மனைவி பேச்சில் 'ச' என்றோர் எழுத்து இருப்பது தெரிந்தது. சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து, காலேஜ் காலத்திலிருந்து கேட்டு வரும் ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டுக்குப் பின்னால் ஏதோ ஜல் ஜல் என்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்தி மறுபடி போட்டேன். மறுபடி வந்தது.

"இந்த ஜல் ஜல்லுங்கறது முன்னாலயே இருந்துதா?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் இருக்கறதுதானுங்களே" என்றாள் சமையலறையிலிருந்து. பாட்டில் நாட்டமில்லாதவள்.

எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிடவில்லை. நான் அறிந்திருந்த பாட்டில் ஒருவர் தனியாக ஓர் அறையில் பாடிக்கொண்டிருந்தார். இப்போது அந்த அறைக்குள் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள்தான் முதலிலிருந்தே அங்கே இருந்தவர்கள் என்றும், என் காதில்தான் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று என்றும் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இப்போது பழகிவிட்டது. சில சாயங்காலம் மட்டும் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய மாதிரி ஒரு முறை கேட்பேன். பிறகு மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்பேன். இரண்டுமே நல்ல பாட்டுதான்.

போன வாரம் மச்சினன் கூப்பிட்டார்.

"இப்ப எப்படீங்க மச்சான் கேக்குது?"

"நல்லாக் கேக்குது மாப்ளே."

"ஈரோட்டுல ஒருத்தரு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு குடுக்கறாருங்க. உங்களுதவிடப் பல மடங்கு சுத்தமா இருக்குமுங்க. கேட்டுப் பாக்கறீங்களா?"

"உங்க அக்காளக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.