ஆறாம் மாடிக்கு ஒரே மூச்சு

லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளும்வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுக்கிறார். டிரம்பெட்டின் முனையில் செருகும் சிறு வெள்ளிக் கிண்ணம் அது. அதன் காம்பை இரண்டே விரல்களால் பிடித்து உதட்டில் பொருத்துகிறார். லிஃப்ட் கிளம்புகிறது. உதடுகள் வண்டு போல ரீங்கரிக்கின்றன. தரைத்தளத்தில் தாழ்ந்த ஒலி. மாடி ஏற ஏற அதுவும் ஏறுகிறது. எங்கள் கட்டடத்தின் பழைய லிஃப்ட் ஆறாம் மாடியை எட்ட இருபத்திரண்டு நொடி ஆகும். அதுவரை ஒரே மூச்சு.

எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வயது ஐம்பத்து மூன்று. பதினோரு வருடமாக இந்த லிஃப்டின் கம்பி, பிரேக், கதவு எல்லாம் அவர் பொறுப்பு. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். ஆனால் மவுத்பீஸைத் தொடுமுன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுவார். ஞாயிறு மாலைகளில் பூங்காவில் வாசிக்கும் பேண்டில் அவர்தான் முதல் டிரம்பெட்.

போன வருடம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. முகவாதம். ஐந்து மாதத்தில் முகம் நேரானது, சிரிப்பும் திரும்பியது. மேல் சுரங்கள் மட்டும் திரும்பவில்லை.

"கீழ எல்லாம் சொன்னபடி கேக்குது சார். மேல போனா உதடு லீவு போட்டுடுது."

பேண்ட் மாஸ்டர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "அண்ணே, கடைசிப் பாட்டோட உச்சிய நீங்கதான் பிடிக்கணும்னு எனக்கும் ஆசை. வெள்ளிக்கிழமை ஒத்திகையில வரலேன்னா பல் டாக்டர்கிட்ட கொடுத்துடுறேன், கோச்சுக்காதீங்க" என்றாராம். பல் டாக்டர் இரண்டாம் டிரம்பெட். "எத்தன வருசமா பக்கத்துல உக்காந்து என் வாயையே பாத்துட்டு இருக்காரு சார் அந்த மனுசன்!"

சுரம் எட்டாதபோது மவுத்பீஸை உதட்டில் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் இன்றைக்கு வரும், நாளைக்கு உதடு வீங்கும். இரண்டு விரல் பிடி அதற்காகத்தான். ஆனாலும் மூன்றாம் மாடி தாண்டியதும் அடுத்த விரல் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அழுத்தியதற்குச் சாட்சி, உதட்டில் விழும் சிவப்பு வளையம்.

அதைக் கண்டுபிடிப்பவர், தரைத்தளத்தில் தையற்கடை வைத்திருக்கும் அவர் மனைவி.

"வாங்க மாப்பிள்ள, இன்னைக்கும் மோதிரம் மாட்டிக்கிட்டுதான் வந்தீங்களா?"

"லேசாத்தான் பட்டுச்சு, விடேன்."

"லேசாவா? பொத்தானே தைக்கலாம் போல இருக்கு."

இந்தப் பதினோரு வருடத்தில் அந்த அம்மாள் லிஃப்டில் ஏறியதே இல்லை. தைத்த துணியைக் கொடுக்க ஆறாம் மாடிக்கு வந்தாலும் நூற்றுப் பதினான்கு படிகள்தான். "வீட்டுக் குழாய மூணு மாசமா சரி பண்ணாத மனுசன். அவர நம்பி என்னைக் கம்பியில தொங்கச் சொல்றீங்களா?"

மதியம் இரண்டு பத்துக்குக் கட்டடம் அரைத்தூக்கத்தில் இருக்கும். ஆறாம் மாடியில் லிஃப்டுக்கு எதிரே என் நாற்காலி. அடியாழத்திலிருந்து அந்த ரீங்காரம் புகை போல மேலே வரும். கண்ணை மூடிக்கொண்டால், ஒலிதான் லிஃப்டை இழுத்து வருகிறதோ என்று தோன்றும். குறித்து வைத்திருக்கிறேன்: முப்பத்தேழு நாளில் முப்பத்தொரு நாள் ஒலி நாலாம் மாடியில் அறுந்தது, ஆறு நாள் ஐந்தில். பிறகு கம்பியின் முனகல் மட்டும் வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஒத்திகை. என் சட்டையைக் கொண்டுவந்த அவர் மனைவி வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கீழே ஒலி கிளம்பியது.

"மூணு" என்றார் மெதுவாக. "நாலு."

அறவில்லை. ஐந்தில் நூலாக மெலிந்தது, ஊசிக் காதில் நுழைவதுபோல் தயங்கியது, நுழைந்து மேலே வந்தது. கதவு திறந்தது. லிஃப்ட்காரர் கண்ணை மூடி நின்றிருந்தார். ஒலி இன்னும் நிற்கவில்லை. காம்பில் இரண்டே விரல்.

அது ஓய்ந்ததும் அந்த அம்மாள் அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். உதட்டில் வளையம் இல்லை.

"அங்க போயும் வருமா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

அந்த அம்மாள் சட்டையை என் கையில் திணித்தார். செருப்பு நுனியால் லிஃப்டின் தரையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, தரைத்தளத்துப் பொத்தானை அழுத்தினார்.