புளி போட்டுத் தேய்த்த மெடல்

எங்கள் தெருவில் என் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. சிப்பாய் என்றுதான் சொல்வார்கள். அம்மா சிப்பாய் வூட்டுக்காரி, நான் சிப்பாய் பொண்ணு. நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள். எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

நைனா பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையில் கப்பலேறி ஈராக் பக்கம் பஸ்ராவுக்குப் போய் வந்தவர். அப்போது நான் பிறக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரியில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரைக்கும் இறங்கி, ஊறின தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. சாயங்காலம் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சண்டைக் கதை சொல்வார்.

"ஒரே குண்டு. மூணு துருக்கிக்காரன் சாஞ்சான்" என்பார்.

"இன்னா சிப்பாய், போன வாரம் ரெண்டு பேர்தானே செத்தாங்க?" என்று தோல் பதத்துக்கு ஆவாரம்பட்டை இடிக்கிற அத்தை கேட்பாள்.

"ரெண்டு பேரு அப்பவே பூட்டான். மூணாவது ஆளு இந்த வாரந்தான் செத்தான், போ மே."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனாலும் அவர் துப்பாக்கி பிடித்தவர் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மெடல் இருந்ததே. தகரப் பெட்டிக்குள், பதம் செய்த ஆட்டுத்தோலில் சுற்றி வைத்திருப்பார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள். புளியங்கொட்டை மாதிரி கறுத்துக் கிடக்கும். "வெள்ளி. பஸ்ரா உப்புக்காத்து பட்டு கறுத்துட்ச்சி. தேய்க்கக் கூடாது, ராஜா மூஞ்சி அழிஞ்சிடும்" என்பார். யாரையும் தொட விடமாட்டார்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அவர் கால் கெட்டுப் போனது. விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து தண்ணீர் கசியும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா களிம்பு கொடுத்து, "இனிமே சுண்ணாம்புல இறங்காதே, காலை எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார்கள். இறங்காவிட்டால் வேலை ஏது? தினம் காலையில் நான்தான் களிம்பு தடவித் துணி சுற்றுவேன். மத்தியானத்துக்குள் அந்தத் துணி சுண்ணாம்பில் ஊறிப்போகும்.

அந்தச் சமயத்தில் டேனரியில் தோல் திருட்டு ஜாஸ்தியாகி, சாயபு ஒரு துப்பாக்கி வாங்கினார். கேட்டில் அதை வைத்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும். "நீ பட்டாளத்து ஆளாச்சே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் மெடலோட வா. நம்ம தோஸ்த், பட்டாளத்துல இருந்த சுபேதார் வர்றார், அவர் எதிர்ல பேசிடலாம்" என்று நைனாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அன்றைக்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். இனி கால் நனையாது என்று எனக்கும் ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அதைச் செய்தேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மெடலை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ராஜா மூஞ்சி அழியவில்லை. கருப்பு மட்டும் போய், செப்புச் சொம்பு மாதிரி பளபளவென்று வந்தது. வெள்ளி ஏன் வெளுப்பாக வரவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. பழையபடி தோலில் சுற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் மாட்டிக்கொண்டு போனால் கண்ணு படும் என்று மெடலை இடுப்பில் செருகிக்கொண்டார். நானும் கூடப் போனேன். அதை விரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கேட்டில் சாயபுவும் சுபேதாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுபேதார் சட்டையில் அதே மெடல் இருந்தது. ஆனால் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நைனா தோலைப் பிரித்தார். வெயில் பட்டு அது சிவக்க மின்னியது. அவர் என்னைத்தான் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. திரும்ப மூடப் போனார். அதற்குள் சுபேதார் கையை நீட்டிவிட்டார்.

வாங்கி, விளிம்பில் வெட்டியிருந்த பேரையும் படையையும் திருப்பிப் படித்தார். "இது வெண்கலம் ஆச்சே. பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போன கூலியாளுங்களுக்குக் கொடுத்தது. சிப்பாய்க்கு வெள்ளிப்பா" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பட்டை இடிக்கிற இடத்தில் உலக்கை நின்றது. "அடப்பாவி, மூட்டை தூக்கியா? அப்ப மூணு துருக்கிக்காரன் மூட்டை வுழுந்தா செத்தான்?" என்று அத்தை கத்தினாள். தொட்டி ஆட்கள் வரைக்கும் சிரிப்பு ஓடியது.

நைனா மெதுவாகச் சொன்னார். "சிப்பாய்னு ஊருதான் கூப்டுச்சி மொதலாளி. நானா சொல்லல."

சாயபு கெட்டவர் இல்லை. தீர விசாரிக்க நினைத்தார். என்னைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. பயப்படாதே. குழாயடியில பேசறது தமாஷா இருக்கும். உங்க அப்பா வூட்ல நெசமாவே துப்பாக்கி சுட்டேன்னு சொன்னாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தலையாட்டினால்கூடப் போதும். ஆயுசு முழுக்க நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன்.

"சொன்னாரு. தெனம் சொல்வாரு."

பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததால் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. அவர்கள் சிரித்ததில் எனக்கு அவமானம். நானும் ஏமாந்தவள்தான், நான் அவர் பக்கம் இல்லை என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"கூலியாளா போனா பரவால்ல. பொய் சொல்ற ஆளுகிட்ட கேட் சாவியை எப்டி தர்றது?" என்றார் சாயபு.

நைனா மெடலை வாங்கிச் சுற்றி என் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றி மடித்து அதையும் கொடுத்தார். தொட்டியில் இறங்கிவிட்டார்.

யார் தேய்த்தது என்று அவர் கேட்கவே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் காலை நீட்டினார், நான் களிம்பு தடவினேன். குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை. கொஞ்ச நாள் கழித்து, அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"ஊர்ல எங்கப்பனுக்குக் குழி வெட்ற வேலைம்மா. எவன் செத்தாலும் எங்கப்பன் மம்முட்டியோட போவணும். எனக்கு அது வேணாம்னுதான் கப்பல் ஏறினேன். அங்க எறங்கினதும் கையில மம்முட்டிதான் குடுத்தான். மூணு வருசம் குழி வெட்னேன். வூட்ல வந்து இன்னான்னு சொல்றது?"

நான் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தேய்த்தது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அப்போது மட்டும் என் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் இடது பாதத்தை எடுத்தார்கள். அதற்கப்புறம் குழாயடிக்கு அவர் வரவில்லை, கதையும் இல்லை. மெடல் கறுத்தே கிடந்திருந்தாலும் சுபேதார் விளிம்பைப் படித்திருப்பார், உன் மேல் தப்பில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சமாதானம் சொன்னார். மெடலுக்கு அது சரி. நான் சொன்ன வார்த்தைக்கு?

மெடல் இப்போது என்னிடம் இருக்கிறது. பழையபடி கறுத்துவிட்டது. போன மாசம் பெட்டியைத் துடைத்த என் மகள் அதை எடுத்து, "இன்னாம்மா இது, தாத்தாவோடதா? இப்டி கெடக்குதே, தேய்ச்சி வெக்கட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம். வெள்ளி அது. உப்புக்காத்து பட்டு கறுத்துட்ச்சி. தேய்ச்சா ராஜா மூஞ்சி அழிஞ்சிடும்" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் போய் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.